துப்பாக்கிக் குழல் அளவு: அவசரகாலத் தேவையும் இந்தியச் சட்டமும்

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் காலிபர் அல்லது குழல் அளவு எனப்படும். ஒரு துப்பாக்கி எந்தத் தோட்டாவை ஏற்கும், அதன் குண்டு எவ்வளவு தொலைவு செல்லும், சுடுபவர் தோளில் எவ்வளவு உதைக்கும், அதற்கான தோட்டா கடையில் கிடைக்குமா என்பவை பெரும்பாலும் இந்த அளவைச் சார்ந்தவை. பேரிடர், கலவரம், விலங்குத் தாக்குதல் போன்ற அவசரகாலங்களுக்கு முன்னேற்பாடாக எந்த அளவு ரைபிளை வாங்குவது என்ற கேள்வி, அமெரிக்கா போன்ற நாடுகளில் வாங்குபவரின் விருப்பத்தையும் பணத்தையும் பொறுத்தது. இந்தியாவில் அக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதியை 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே கொடுத்துவிடுகிறது. மீதியைத் தோட்டா கிடைக்கும் தன்மையும், சுடப்படும் இடத்தின் அமைப்பும் முடிவு செய்கின்றன.

தமிழ்நாட்டில் இக்கேள்வி பெரும்பாலும் பயிர்க் காவலோடு சேர்ந்தே எழுகிறது. கொல்லிமலைக்கும் போதமலைக்கும் இடைப்பட்ட நாமகிரிப்பேட்டை வட்டாரம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றைக் கிளறி அழிப்பதுண்டு. எனவே இக்கட்டுரை குழல் அளவின் அடிப்படைகளை விளக்கிவிட்டு, மலையடிவார உழவர் ஒருவரின் நிலையிலிருந்து அவற்றைப் பொருத்திப் பார்க்கிறது.

அளவுகளின் பெயர்கள்

ரைபிளின் குழலுக்குள் திருகுசுருளாக வெட்டப்பட்ட பள்ளங்கள் இருக்கும். இவை புரிகள் எனப்படும். குண்டு இப்புரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால், பம்பரம் சாயாமல் நிற்பது போல, காற்றில் தடுமாறாமல் நேராகச் செல்கிறது. புரி இல்லாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கி ரைபிள் ஆகாது. நம் ஊர்களில் காணப்படும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இந்த வழுவழுப்புக் குழல் வகையைச் சேர்ந்தவை.

ரைபிள் அளவு இரண்டு முறைகளில் குறிக்கப்படுகிறது.

முதல் முறை அங்குலக் கணக்கு. .303 என்றால் 0.303 அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆதலால் இது ஏறத்தாழ 7.7 மி.மீ. ஆகும். இதேபோல .22 என்பது 5.6 மி.மீ., .315 என்பது 8 மி.மீ.

இரண்டாவது முறை மில்லிமீட்டர்க் கணக்கு. 7.62×51 என்றால் குழல் அளவு 7.62 மி.மீ., வெடிமருந்து அடைக்கப்பட்ட உறையின் நீளம் 51 மி.மீ. என்று பொருள்.

குழல் விட்டம் ஒன்றாக இருந்தால் தோட்டாவும் ஒன்றே என்று கருதுவது தவறு. .30-06 எனப்படும் தோட்டாவின் குண்டும் 7.62×51 தோட்டாவின் குண்டும் விட்டத்தில் ஒன்றே. ஆனால் முதலாவதன் உறை 63 மி.மீ. நீளமுடையது. ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றொன்றைப் போட முயல்வது துப்பாக்கிக்கும் சுடுபவருக்கும் ஆபத்து. .30-06 என்ற பெயரிலுள்ள 06 ஓர் அளவே அன்று. அத்தோட்டா அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்ட 1906 ஆம் ஆண்டை அது குறிக்கிறது. ஆகவே பெயரிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், குழலின் மீதும் தோட்டா உறையின் அடியிலும் பொறிக்கப்பட்டுள்ள முழுப்பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

வழுவழுப்புக் குழல் துப்பாக்கிகளுக்கு வேறு கணக்கு உண்டு. பேச்சு வழக்கில் '12 போர்' என்பார்கள். இங்கே போர் என்பது யுத்தம் அன்று. குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக ஆக்கினால், அவற்றில் ஓர் உருண்டை நுழையும் அளவுள்ள குழலே 12 போர் ஆகும். இதைப் பள்ளிக் கணக்காகவே செய்து பார்க்கலாம். ஒரு பவுண்டு 453.6 கிராம். அதை 12 ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். எனவே உருண்டையின் கன அளவு 3.33 கன செ.மீ., விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. இம்முறையில் எண் கூடினால் குழல் சிறுக்கும். 16 போர் குழலின் விட்டம் 16.8 மி.மீ. மட்டுமே. .410 எனப்படும் சிறு துப்பாக்கி மட்டும் இதற்கு விலக்கு; அது அங்குலக் கணக்கிலேயே பெயர் பெற்றது.

அளவும் ஆற்றலும்

பெரிய குழல் என்றால் பெரிய வலிமை என்பது பாதி உண்மை. குண்டின் இயக்க ஆற்றல் அதன் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது (½ × நிறை × வேகம் × வேகம்). நிறை இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். வழக்கமான சில தோட்டாக்களின் நிறையையும் வேகத்தையும் தோராயமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் கிடைப்பவை:

- .22: குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர், ஆற்றல் சுமார் 140 ஜூல்.
- 5.56 மி.மீ. (இந்தியப் படையின் இன்சாஸ் ரைபிளின் அளவு): 4 கிராம், 900 மீட்டர், சுமார் 1,600 ஜூல்.
- .315: 15.8 கிராம், 600 மீட்டர், சுமார் 2,800 ஜூல்.
- 7.62×51 மி.மீ.: 9.5 கிராம், 830 மீட்டர், சுமார் 3,300 ஜூல்.
- .30-06: 11.7 கிராம், 820 மீட்டர், சுமார் 3,900 ஜூல்.

.22 தோட்டாவும் 5.56 மி.மீ. தோட்டாவும் குழல் அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஆற்றலில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. .315 குண்டு இப்பட்டியலிலேயே கனமானது. ஆனால் மெதுவாகச் செல்வதால்.30-06 ஐ விட ஆற்றலில் குறைந்தது.

12 போர் தோட்டாவில் ஒரே குண்டுக்குப் பதிலாகப் பல ரவைகள் இருக்கும். மொத்த ஆற்றல் இரண்டாயிரம் ஜூலைத் தாண்டினாலும், அது ரவைகளுக்குள் பங்கிடப்படுகிறது. உருண்டையான ரவை காற்றில் விரைவாக வேகம் இழக்கிறது. அதனால் இத்துப்பாக்கி பயன்படும் தொலைவு ஏறத்தாழ 40 மீட்டர்தான். ரவைகள் சென்று விழும் தொலைவும் பெரும்பாலும் சில நூறு மீட்டர்களுக்குள் முடிந்துவிடும்.

ரைபிள் குண்டு அப்படியன்று. குறி தவறினால், வலிமை குறைந்தது என்று கருதப்படும் .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லும். .30-06 போன்ற தோட்டாவின் குண்டு மூன்று, நான்கு கிலோமீட்டர் தாண்டியும் விழக்கூடும். குழல் அளவைத் தெரிவு செய்யும்போது 'இது விலங்கை வீழ்த்துமா' என்று கேட்பவர் பலர். 'தவறிய குண்டு எங்கே போய் விழும்' என்பதும் அதே அளவுக்கு முக்கியமான கேள்வி. காட்டுக்கொட்டாய்களும் சாலைகளும் நெருங்கிக் கிடக்கும் சமவெளியில் அதுவே முதற்கேள்வி.

.315 இந்தியாவின் பொது அளவானது எப்படி

இந்தியாவில் பொதுமக்களின் ரைபிள் என்றாலே .315 என்ற நிலை இருப்பதற்குக் காரணம் அத்தோட்டாவின் சிறப்பு அன்று. ஆட்சியாளரின் அச்சமே காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் படையினரின் ரைபிளும் பொதுமக்களின் ரைபிளும் ஒரே தோட்டாவைப் பயன்படுத்தினால், படைக்கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டாக்கள் கிளர்ச்சியாளருக்குப் பயன்படும் என்று அரசு கருதியது. 1907 இல் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்யப்பட்டன. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கிகள் அந்த அளவைச் சேர்ந்தவை என்பதே காரணம். படையின் .303 அளவும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. துப்பாக்கி நிறுவனங்கள் சட்டத்துக்குள் அடங்கும் வேறு அளவுகளைத் தேடின. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மான்லிக்கர் ரைபிளுக்கான 8×50 மி.மீ. தோட்டா அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டு, .315 என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 விளையாட்டு ரைபிளைத் தயாரித்தது. புனேவை அடுத்த கட்கியில் 1869 இல் தொடங்கப்பட்ட தோட்டாத் தொழிற்சாலை அதற்கான தோட்டாக்களைத் தயாரித்தது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஈசாப்பூர் தொழிற்சாலையும், 1966 இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழும், கட்கி தொழிற்சாலை புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழும் வந்தன.

ஆக, படையின் அளவு வேறு, மக்களின் அளவு வேறு என்ற நூறாண்டுக்கு முந்தைய கொள்கை இன்றும் உயிரோடிருக்கிறது.

சட்டம் வகுக்கும் பிரிவுகள்

1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் இப்போது செயல்படுபவை 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். துப்பாக்கிகள் இரு பெரும் பிரிவுகளாகக் கருதப்படுகின்றன.

தடைசெய்யப்பட்ட அளவு: .303, 7.62 மி.மீ. போன்ற படை அளவுத் தோட்டாக்களை ஏற்கும் ரைபிள்களும், 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளும் இதில் அடங்கும். இவற்றுக்கான உரிமம் ஒன்றிய அரசின் உள்துறை அமைச்சகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சாதாரணக் குடிமகனுக்கு இது எட்டாத ஒன்று எனலாம்.

தடைசெய்யப்படாத அளவு: .22, .315, .30-06 ரைபிள்களும், 12 போர் உள்ளிட்ட வழுவழுப்புக் குழல் துப்பாக்கிகளும் இதில் அடங்கும். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள்.

விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அவரைப் பற்றிக் காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்படும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. முன்பு இது மூன்றாக இருந்தது. உரிமத்தின் காலமும் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. உரிமத்தில் துப்பாக்கியின் வகையும் அளவும் எழுதப்பட்டிருக்கும். எத்தனை தோட்டாக்கள் வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் .177 (4.5 மி.மீ.) அளவும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக் கொண்டு காட்டுயிர்களையும் பறவைகளையும் சுடலாம் என்று பொருளாகாது. அது வனவிலங்குச் சட்டத்தின்படி குற்றம்.

உழவருக்குச் சட்டம் குறித்த அளவு

உழவருக்கு எந்தத் துப்பாக்கி என்பதைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. அதன் சாரம்:

1. உண்மையான பயிர்க் காவலுக்கு, முகவாய் வழியாக மருந்து இட்டுச் சுடும் துப்பாக்கி.
2. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உடைய வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கி.
3. அரசு ஏற்பளித்த துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் உறுப்பினருக்கு, குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக .22 ரைபிள் அல்லது காற்று ரைபிள்.

இவை தவிர்த்த மற்ற ரைபிள்களுக்குத் தக்க காரணம் உண்டு என்று அதிகாரி நிறைவடைய வேண்டும். பயிர்க் காவலுக்கான வரிசையில் ரைபிள் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனிக்க. குண்டு பாயும் தொலைவை முன்பு பார்த்தோம். வரப்பில் நின்று சுடும் ரைபிளின் தவறிய குண்டு அடுத்த ஊர் வரை போகக்கூடும். ரவை பெரும்பாலும் அடுத்த சில காடுகளைத் தாண்டாது. உழவர் கையில் குறுகிய தொலைவுத் துப்பாக்கி என்ற ஏற்பாடு சமவெளியின் அமைப்புக்குப் பொருத்தமானது.

நாட்டுத் துப்பாக்கி

முகவாய் வழியாக மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு என்பதாலேயே, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது என்று மலையூர்களில் சிலர் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். உரிமம் பெற்ற முகவாய்த் துப்பாக்கி வேறு; கொல்லுப்பட்டறையில் இரும்புக் குழாயைக் கொண்டு செய்யப்படும் கள்ளத் துப்பாக்கி வேறு.

கள்ளத் துப்பாக்கிக்குக் குழல் அளவு என்பதே கிடையாது. குழாய் எந்த விட்டத்தில் கிடைத்ததோ அதுவே அளவு. தொழிற்சாலைத் துப்பாக்கியின் குழல் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு முத்திரையிடப்படுகிறது. நாட்டுத் துப்பாக்கியின் குழாய்க்கு அப்படி ஒரு சோதனை நடப்பதில்லை. இடப்படும் கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் ஒவ்வொரு முறையும் வேறுபடும். இதனால் குழல் வெடித்துச் சுடுபவரின் விரலையோ கண்ணையோ பறிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. கரிமருந்து ஈரம் உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் தேவைப்படும்போது வெடிக்காது. ஏற்றி வைத்ததை மறந்து எடுக்கும்போது வெடித்துவிடும். அவசரத்துக்கு உதவுவதற்கு மாறாக இதுவே ஓர் அவசரத்தை உண்டாக்கும்.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019 திருத்தத்தின்படி, குறைந்தது இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தடைசெய்யப்பட்ட வகை ஆயுதமாயின் தண்டனை ஏழு ஆண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களின் மலையூர்களில், தாமாக முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று அறிவித்துக் காவல் துறையும் வனத்துறையும் நாட்டுத் துப்பாக்கிகளைப் பெற்றதுண்டு. அத்தகைய அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒப்படைத்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது.

காட்டுப்பன்றியும் வனவிலங்குச் சட்டமும்

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது ஒன்று. விலங்கைச் சுட அனுமதி இருப்பது மற்றொன்று. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றவரும், தம் நிலத்தில் நுழைந்த காட்டுப்பன்றியை விரும்பியபடி சுட முடியாது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான நிலையில், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் அனுமதித்தால் மட்டுமே வேட்டையாடலாம். முதல் அட்டவணையில் உள்ள கரடி, மயில் ஆகியவற்றுக்கு விதி இன்னும் கடுமையானது.

விலங்கு மனிதரைத் தாக்கும்போது தம்மையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் அதைக் கொல்வது 11 ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது. ஆனால் அந்நேரத்தில் அவர் அதே சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தால் இப்பாதுகாப்புக் கிடைக்காது. வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது என்று சொல்லித் தப்ப இயலாது.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கென ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், வனவர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் அடங்கிய ஊர்க்குழு நிலைமையை ஆராயும் ஏற்பாடும் இதில் உண்டு.

மலைச்சரிவை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்க்கு இதன் பொருள் தெளிவு. பன்றித் தொல்லை மிகுதியாக உள்ள முதல் கிலோமீட்டரில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. அப்பால் உள்ள நிலங்களிலும் சுடுபவர் வனத்துறைப் பணியாளரே, உழவர் அல்லர். உழவர் செய்யக்கூடியது சேதத்தைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனு கொடுத்து இழப்பீடு கோருவது. பரண் காவல், விளக்கு, ஒலி, வேலி ஆகியவற்றைக் கையாள்வது.

வேலியிலும் எச்சரிக்கை தேவை. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அவுட்டுக்காய் என்னும் வெடிகாயும் அவ்வாறே குற்றமும் கொடுமையும் ஆகும்.

அவசரகாலத்தில் துப்பாக்கி: மூன்று நடைமுறைகள்

கலவரம், தாக்குதல் போன்ற அவசரங்களுக்குத் துப்பாக்கி வைத்திருப்பது பற்றி இந்தியாவின் நடைமுறைகள் மூன்றை ஒப்பிடலாம்.

முதலாவது ஜம்மு பகுதி. 1990-களின் நடுவில், தீவிரவாதத் தாக்குதலுக்கு ஆளான மலைக்கிராமங்களில் ஊர்க்காவல் குழுக்கள் அமைக்கப்பட்டு .303 ரைபிள்கள் வழங்கப்பட்டன. 2023 ஜனவரி 1 அன்று ரஜவுரி மாவட்டம் டாங்ரி கிராமத்தில் நடந்த தாக்குதலுக்குப் பின், 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைபிள்களும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இங்கே அளவைத் தெரிவு செய்தது அரசு. பயிற்சி, தோட்டாக் கணக்கு, பொறுப்பு அனைத்தும் அரசைச் சார்ந்தவை.

இரண்டாவது குடகு. அங்குக் குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் ஆங்கிலேயர் காலம் தொட்டே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019 இல் ஒன்றிய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021 இல் இதனை ஏற்றது. இது ஒரு வட்டாரத்தின் வரலாற்றால் வந்த விலக்கு. கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ பொருந்தாது.

மூன்றாவது தமிழ்நாடு உள்ளிட்ட மற்ற பகுதிகள். இங்குப் பதற்றமான காலங்களில் நடப்பது நேர்மாறானது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்குமாறு ஆணை வரும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்கே விலக்கு. ஊர் பதற்றமாகும்போது எடுக்கலாம் என்று வாங்கிய துப்பாக்கி, ஊர் பதற்றமாகும்போது காவல் நிலையத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும்.

தற்காப்புரிமையும் வரம்புடையது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதை விளக்குகின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிய தீங்கை அவை அனுமதிப்பதில்லை. ஓடும் திருடனின் முதுகில் சுடுவது தற்காப்பு என்று கொள்ளப்படுவது அரிது.

இயற்கைப் பேரிடரைப் பொறுத்தவரை, 2004 ஆழிப்பேரலை, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்பட்டவை படகு, குடிநீர், மருந்து, உணவு, மின்விளக்கு ஆகியவையே.

தெரிவு செய்யும் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், துப்பாக்கி வாங்க எண்ணும் ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவ்வரிசையில் அமையும்.

- எதற்காக? பயிர்க் காவலா, உயிர்க் காவலா, விளையாட்டா? உரிமத்தின் வகை இதைப் பொறுத்தது.
- துப்பாக்கி இல்லாமல் தீருமா? வேலி, நாய், விளக்கு, கூட்டுக் காவல், இழப்பீட்டு மனு ஆகியவற்றை முயன்ற பின்னரே அடுத்த கேள்வி.
- நிலம் எங்கே? நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குள் வீடும் சாலையும் இருந்தால் ரைபிள் பொருந்தாது. வழுவழுப்புக் குழலே தகும்.
- தோட்டா கிடைக்குமா? அருகிலுள்ள உரிமம் பெற்ற கடையில் முறையாகக் கிடைக்கும் அளவே நல்ல அளவு. அரிய வெளிநாட்டு அளவு, தோட்டா தீர்ந்தபின் வெறும் இரும்புக் கழி. 12 போர் தோட்டா நாட்டில் பரவலாகக் கிடைப்பது, ரைபிளில்.315 அவ்வாறானது.
- தாங்க முடியுமா? கனமான தோட்டாவின் உதைக்கு அஞ்சி கண்ணை மூடிச் சுடுபவருக்கு எந்த அளவும் பயனில்லை. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் வலியுறுத்துகின்றன.
- எங்கே வைப்பது? பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கியும், வேறோர் இடத்தில் பூட்டித் தோட்டாவும் வைக்க வசதி இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

ரைபிளுக்கான உண்மையான தேவையும் உரிமமும் உடைய ஒருவருக்கு இவ்வரிசை .315 இல் வந்து நிற்கும். பயிர்க் காவல் உரிமம் பெறும் உழவருக்கு முகவாய்த் துப்பாக்கியிலோ 12 போரிலோ நிற்கும். மற்றப் பெரும்பாலோருக்கு இரண்டாவது கேள்வியிலேயே முடிந்துவிடும்.

உரிமதாரர் மறைந்தால்

மலையடிவாரக் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதுவே. உரிமம் ஒருவரின் பெயருக்குரியது. வீட்டுக்கு உரியது அன்று. தந்தை பெயரில் உரிமம் இருந்த துப்பாக்கி, அவர் இறந்த பின் மகனின் வீட்டில் பரண் மேல் கிடந்தால், அதை அவர் தொட்டே பார்க்காவிட்டாலும் உரிமமற்ற துப்பாக்கி ஆகிவிடும். சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து எழுத்து மூலம் சான்று பெற வேண்டும். பின்னர் வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம்; அல்லது உரிமம் உடைய ஒருவருக்கு முறைப்படி விற்கலாம். உரிமக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாத துப்பாக்கிக்கும் இதே விதி.

ஒப்படைக்கும்போது குழலில் தோட்டாவோ மருந்தோ இல்லை என்பதை உறுதி செய்வது அவசியம். பல ஆண்டுகள் கிடந்த முகவாய்த் துப்பாக்கியில் மருந்து இடப்பட்டிருக்கிறதா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. குழலைத் தட்டியோ கம்பியை விட்டோ சோதிக்க வேண்டாம். குழல்முனை யாரையும் நோக்காதபடி கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சிறுவர்களை அப்புறப்படுத்தி, காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். அவர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள்.